நெல்லோரம் ஒரு ஜோடிச் செருப்பு

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு மாத இதழின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டி நம் ஊர்ச் சாலையில் சாத்தியமா, பாதுகாப்பா? ஆயிரம் வார்த்தைக்குள் எழுதிக் கொடுங்கள்" என்றார். சரி என்றேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் நடுநிலையாக எழுத முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் என்ற ஊருக்குப் போகும் பாதையில் ஒரு கம்பெனி அப்படியொரு சிறிய வேனை வைத்துச் சோதனை ஓட்டம் நடத்துவதாகத் தெரிந்தது. போனேன். ஏறி உட்கார்ந்தேன். போய்வந்து மேசைமுன் உட்கார்ந்தால் கட்டுரை வரவில்லை. ஒரு ஜோடிச் செருப்புதான் திரும்பத் திரும்ப வந்தது.

(கம்பெனிக்குப் பெயர் வைக்கவில்லை. ஊர் உண்மை, ஆட்கள் கற்பனை. இப்படி ஒரு வரி போட்டுவிட்டால் எதிலிருந்தும் தப்பித்துக்கொள்ளலாம் என்பது எழுதுகிறவர்களின் நம்பிக்கை. நானும் அதை நம்பித்தான் ஆரம்பித்தேன்.)

2

முதல் தொடக்கம்:

"அதிகாலைப் பனியில், மனிதக் கை படாமல், அந்த வெள்ளை வேன் ஒரு —"

நிறுத்திவிட்டேன். நான் போனது ஆவணி மாதம், நண்பகல். பனிக்கு எங்கே போவது?

இரண்டாம் தொடக்கம்:

"முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையைப் பொன்னன் அன்றுதான் முதன்முதலாக மடியில் —"

இதையும் விட்டேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. பொய் என்பது ஒன்றுதான் குறை. அந்த இருக்கையில் பொன்னன் என்று யாரும் இல்லை. இருந்தவள் ரேவதி, இருபத்தொன்பது வயது. ஓட்டுநர் என்று எழுதியதுமே என் பேனா ஓர் ஆணைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. தானே ஓடும் வண்டியைச் சோதிக்க வந்தவனின் கையும் தானாகத்தான் ஓடுகிறது.

மூன்றாவது தொடக்கம் அடுத்த பகுதியில். அது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

ரேவதிக்கு வேலை, வண்டி ஓட்டாமல் இருப்பது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும். கை மடியில் இருக்க வேண்டும். வலது கால் பிரேக்குக்கு மேலே இருக்கலாம், படக்கூடாது. ஆபத்து என்று தோன்றினால் மட்டும் மிதிக்கலாம். மிதித்த உடனே முன்னாலிருக்கும் திரை, ஏன் மிதித்தாய் என்று கேட்கும். கால்நடை, பொருள், மனிதர், ஓட்டுநர் தவறு, வேறு என்று ஐந்து கட்டம் காட்டும். ஒன்றைத் தொட வேண்டும். மொத்தம் அறுபது நாள் சோதனை. மிதிகள் குறைவாக இருந்தால், அடுத்த கட்டமாக இருக்கையில் ஆளே இல்லாமல் ஓட்ட அனுமதி கேட்பார்கள். அதாவது அவள் வேலையைச் சரியாகச் செய்தால் அவளுக்கு வேலை இருக்காது.

[இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அவளிடமே சொல்லிக் காட்டினேன். "அது தெரிஞ்சிதான் சார் சேந்தேன்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.]

முதல் வரைவில் அவளை இயந்திரத்துக்கு எதிரியாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் இருளர் குடியிருப்பில் பிறந்த பெண், வாலாஜாபாத் ரைஸ் மில்லிலிருந்து குட்டியானை மினிலாரியில் தவிட்டு மூட்டை ஏற்றி ஓட்டியவள், கைத்தொழிலைப் பறிக்க வந்த யந்திரத்தை முறைத்துப் பார்க்கிறாள் — இப்படி இரண்டு பக்கம் ஓடியது. அவள் நேரில் பேசியதை நினைத்துப் பார்த்ததும் அந்த இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின. அந்த வண்டி ஜெயிக்க வேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாரும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய அண்ணன் வினோத் பைக்கில் வேலைக்குப் போகும்போது ஒரு லாரி ஏறிச் செத்துப்போனான். அண்ணி புஷ்பா இப்போது ரேவதியின் வீட்டில்தான் இருக்கிறாள்.

"அது குடிக்காது சார்" என்றாள் ரேவதி. "கண்ணசராது. போன் பேசிக்கினு வராது. எங்கண்ணன் மேல ஏத்துனவன் கீய எறங்கி நிக்கக்கூட முடியாம வியுந்தான். இந்த வண்டி வந்தா நாலு வூட்டுல தாலி நிக்கும்னு நெனச்சேன்."

ஆசிரியருக்கு அனுப்பவிருந்த கட்டுரையின் முதல் பாதி கிட்டத்தட்ட இதுதான். சாலை விபத்துகளில் பெரும்பாலானவை மனிதத் தவறு. இயந்திரத்துக்குத் தூக்கமும் கிடையாது, ரோஷமும் கிடையாது. நடுவில் தடுப்பு வைத்து, கோடு போட்டு, ஆடு மாடு ஏறாமல் வேலி அடித்த நெடுஞ்சாலையில் அது நம்மைவிட ஒழுங்காகவே ஓடக்கூடும். இதை எழுதும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, இப்போதும் இல்லை. சிக்கல், நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு வருகிறது.

4

அறுவடைக் காலத்தில் அந்தப் பாதையில் பாதி நெல்லுக்கு. ஊருக்கு இருப்பது ஒரே களம், அதுவும் விரிசல் விட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். ஆகவே தார்ரோடுதான் களம். ஒரு பாதியில் நெல்லைப் பரப்பி, விளிம்பில் கல்லும் உடைந்த செங்கல்லும் முள்ளுக்கிளையும் வரிசையாக வைத்துவிடுவார்கள். வண்டிகள் மறுபாதியில் போகும். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் யாராவது ஒருவர் நிற்பார். யார் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. லைட்டை ஒரு தடவை போட்டு அணைத்தால் புரிந்துவிடும்.*

* நெல்லின் மேல் யாரும் செருப்புக் காலோடு ஏறமாட்டார்கள். கிளறிவிடப் போகிறவர் செருப்பை ஓரத்தில் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடப்பார். நாளைக்குச் சோறாகப் போவது, அந்த மரியாதை. வேனில் ஏறுவதற்கு முன் டீக்கடையில் ஒருவர் சொல்ல, கட்டுரையில் ஓர் அழகுக்குச் சேர்க்கலாம் என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வேனுக்கு இதெல்லாம் தெரியாது. முதல் வாரம் நெல்லைப் பார்த்ததும் நின்றது. நின்றால் நின்றதுதான். பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் டிராக்டர், எல்லாம் சேர்ந்து ஹாரன். நெல்லுக்குச் சொந்தக்காரர் முத்துவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ரேவதியின் அண்ணி புஷ்பா அவரிடம்தான் நெல் கிளறும் கூலி வேலை பார்க்கிறாள்.

"இன்னாம்மா ரேவதி, ஒன் வண்டி பெரிய பேஜாரா கீது? நெல்லப் பாத்தா பயப்படுதா?"

"அதுக்கு இன்னும் தெரியல ரெட்டியாரே. கத்துக்கும்."

கற்றுக்கொடுக்க வேண்டியவர் இன்ஜினியர் சாம்சன். சென்னையிலிருந்து வந்து உத்திரமேரூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு வேலை பார்க்கிற ரகம். கெட்டவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையில் கெட்டவர் யார் என்று நீங்கள் தேட ஆரம்பித்திருப்பீர்கள். அவர் வேனுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். தரையோடு தரையாகப் பரப்பிய நெல்லும் அதன்மேல் விரித்த தார்ப்பாயும் தடை அல்ல, வேறு வழி இல்லாவிட்டால் மெதுவாக அதன் ஓரத்தில் ஏறிப் போகலாம் என்பது பாடம். கூடவே ரேவதியிடம், "ரொம்பத் தொந்தரவா இருந்தா கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்து, ரோட்ல நெல் காயவைக்கிறதையே நிறுத்திடலாம்" என்றும் சொன்னார்.

ரேவதியை இந்த இரண்டாவது பேச்சுதான் பயமுறுத்தியது. ரோட்டில் நெல் இல்லையென்றால் முத்துவேலின் மூட்டை திரும்பும். புஷ்பாவுக்குக் கூலி இருக்காது. ஊர் முழுக்க ரேவதியைத்தான் கை காட்டும்.

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். முத்துவேல் தம் போனில் 'நெல் ரோடு' என்று ஒரு குரூப் வைத்திருந்தார். கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறதா, சாக்கு வந்ததா என்று பேசிக்கொள்வதற்கு. தினமும் மூன்று மணிக்கு வேனில் ஏறும் முன் ரேவதி அதில் ஒரு குரல் செய்தி போடுவாள். "வண்டி கெளம்புது. ரோட்ட வுடுங்க." அவ்வளவுதான். நெல்லை ஓரம் தள்ளுவார்கள். ஆட்டைப் பிடித்துக்கொள்வார்கள். எதிரே வரும் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துவார்கள். வேன் அரசமரத்தடிப் பிள்ளையார் ஊர்வலம் வருவதுபோல யாரும் குறுக்கே வராத ரோட்டில் அமைதியாகப் போகும். சிலர் கையாட்டுவார்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஐம்பத்தெட்டாம் நாள் வரை மிதி ஒன்றுகூட இல்லை. சாம்சனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்று பிற்பாடு ரேவதியிடம் கேட்டேன்.

"பரீட்ச எயுதற புள்ளைக்கு வூட்டுல டிவிய அணைக்க மாட்டமா சார்? அப்டிதான்."

5

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். முதல் மூன்றிலும் இப்படி ஆரம்பித்தது: "ஐம்பத்தொன்பதாம் நாள், ஏதோ காரணத்தால் நேரம் மாறியது."

அந்த ஏதோ காரணம் நான்தான். வாலாஜாபாத்தில் எனக்கு மாலை ரயில். "மூணு மணி வேண்டாம், ஒரு மணிக்கே போயிடலாமா?" என்று சாம்சனிடம் கேட்டவன் நான். விருந்தாளி கேட்டால் மறுக்க முடியுமா?

ரேவதியைச் சோற்றுத் தட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார்கள். இருக்கையில் உட்காருகிறவர் போனை வெளியே பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. அவள் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அப்புறம் பேசிக்கலாம் ரேவதி, சார் வெயிட் பண்றார்" என்றார் சாம்சன். அவள் என்னைப் பார்த்தாள். நான் நன்றாகப் புன்னகைத்தேன். போன் பெட்டிக்குள் போனது.

தூறல் ஆரம்பித்திருந்தது. தூறினால் நெல்லை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று ரேவதி தனக்குள் சொல்லிக்கொண்டாள். கை மடியில் இருந்தது. ஸ்டியரிங் தானாக இப்படியும் அப்படியும் அசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது முதல் வாரத்தில் அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம், பிறகு பழகிவிட்டதாம்.

சாம்சன் பின்சீட்டில் மடிக்கணினியோடு. நான் முன்சீட்டில், இடது பக்கம்.

வளைவு தாண்டியதும் ரோட்டின் இடது பாதி முழுக்க நீலத் தார்ப்பாய். விளிம்பில் இருக்கவேண்டிய கற்களை எடுத்துத் தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதன் மேல் ஏற்றியிருந்தார்கள், மண் பக்கமாக. வேன் வலது பாதிக்கு மாறியது. எதிரே பஸ் வந்தது. பஸ்காரர் ஒரு தடவை லைட்டைப் போட்டு அணைத்தார். வேன் அதற்குப் பதில் சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்தது, இடது பக்கம் ஒதுங்கித் தார்ப்பாயின் ஓரத்தில் ஏறத் திரும்பியது. கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தது. அதில் ஒரு பிழையும் இல்லை.

தார்ப்பாயின் மூலையில் ரேவதி செருப்பைப் பார்த்தாள்.

தூக்கி எறிந்த செருப்பு என்றால் ஒன்று இங்கே கிடக்கும், இன்னொன்று அங்கே கவிழ்ந்து கிடக்கும். இது பக்கத்தில் பக்கத்தில் ஜோடியாக இருந்தது. யாருடையது என்று அவள் யோசிக்கவில்லை. யாரோ நெல்மேல் ஏறியிருக்கிறார்கள், இன்னும் இறங்கவில்லை. அவ்வளவுதான் தோன்றியது. கால் மிதித்துவிட்டது.

தார்ப்பாய்க்கு ஒரு முழம் முன்னால் வேன் நின்றது. பஸ் கடைசி நொடியில் மண்ணில் இறங்கி, ஹாரனை அலறவிட்டுக்கொண்டு தாண்டிப் போனது.

"என்னாச்சு ரேவதி? ஒண்ணுமே இல்லையே!" சாம்சன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் திரையில் நீலப் பரப்பு, தடை இல்லை என்று காட்டியது. மூலையில் இருந்த செருப்பைச் சுற்றி ஒரு சின்னச் சதுரம். அதன் மேல் 'குப்பை' என்று எழுதியிருந்தது.

ரேவதி இறங்கிப்போனாள். தார்ப்பாயின் மூலையைத் தூக்கினாள். உள்ளே, காய்ந்த நெல்லின் மேல், புஷ்பா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூறலில் அவசரமாக நெல்லை மூடியவள், வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை என்று அதற்குள்ளேயே நுழைந்து, அசதியில் கண்ணசந்துவிட்டாள்.

"அண்ணி."

"இன்னாடி, அதுக்குள்ள மூணு மணி ஆயிடுச்சா?"

"இல்ல. நீ இன்னும் உள்ள தள்ளிப் படு."

ஆளைப் பார்த்தால் சாம்சன் மனு கொடுத்துவிடுவார் என்று, தார்ப்பாயைப் பழையபடி மூடினாள். செருப்பை எடுத்து மண் பக்கமாக வைத்தாள். ஒன்றின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. வந்து இருக்கையில் உட்கார்ந்தாள். கையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். சாம்சன் ஆபீஸுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்.

ஏன் மிதித்தாய் என்று திரை கேட்டது. "அப்புறம் போடறேன்" என்றாள். இரண்டு நாள் வரை அந்தக் கேள்வி திறந்திருக்கும்.

[செருப்பு என் பக்கத்து ஜன்னலுக்கு நேராக இருந்தது. அன்று பகலில்தான் அந்த வழக்கத்தை நோட்டில் எழுதியிருந்தேன். வேன் நிற்கும்வரை நான் அதைப் பார்க்கவே இல்லை. நின்ற பிறகு செருப்பையும் பார்த்தேன், தார்ப்பாய்க்குள் இருந்த முகத்தையும் பார்த்தேன். சாம்சனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், அந்த நேரத்தில் அது அவர்கள் வீட்டு விஷயம்போலப் பட்டது. இது நல்ல பதில் இல்லை.]

6

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வைத்துத்தான் ரேவதி குரூப் விவகாரத்தைச் சொன்னாள். கடைசியில், "நீங்க பாத்தீங்கல்ல சார்?" என்றாள். "பார்த்தேன்." "போதும்" என்று டீயை முடித்தாள். நான் ரயிலைப் பிடித்தேன்.

அவள் எந்தக் கட்டத்தைத் தொடுவாள்? ஒரு ராத்திரியும் ஒரு பகலும் உட்கார்ந்து மூன்று முடிவு எழுதினேன்.

முதல் முடிவு. 'ஓட்டுநர் தவறு' என்பதைத் தொடுகிறாள். அறிக்கை சுத்தமாகப் போகிறது. அடுத்த அறுவடையில் இருக்கை காலி. குரல் செய்தி போட ஆளில்லை. ஒரு தூறல் நாளில், வளைவு தாண்டியதும், நீலத் —

[எழுத முடியவில்லை. அந்த ஊக்கு கண்ணிலேயே நிற்கிறது.]

இரண்டாவது முடிவு. 'மனிதர்' என்பதைத் தொடுகிறாள். கம்பெனி மனு கொடுக்கிறது. ரோட்டில் நெல் போடக்கூடாது என்று போர்டு வருகிறது. முத்துவேலின் மூட்டை ஈரம் என்று திரும்புகிறது. புஷ்பாவுக்கு வேலை இல்லை. உயிரைக் காப்பாற்றியவளிடம் ஊர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மூன்றாவது முடிவு. சாம்சன் புரிந்துகொண்டு, ஜோடியாகக் கிடக்கும் செருப்பு என்றால் பக்கத்தில் ஆள் உண்டு என்று வேனுக்குக் கற்றுக்கொடுக்கிறார். எல்லோருக்கும் சந்தோஷம். இதழ் ஆசிரியருக்கு இது பிடிக்கும். ஆனால் செருப்போடு முடிகிறதா? முள்மரத்தில் மாட்டிய சட்டை, வரப்பில் வைத்த தூக்குவாளி, காற்றில்லாமல் அசையும் சோளத்தட்டை, எல்லாம் ஆள் இருக்கிறது என்றுதான் சொல்கின்றன. இந்தப் பாடத்தையெல்லாம் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது? அது தெரிந்த ஒருத்தி ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறாள். அவளை எழுப்பிவிடத்தான் இவ்வளவு சோதனையும்.

மூன்றில் எது நல்ல முடிவு என்று கலை நோக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்படி நான் யோசித்துக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

7

ஆட்கள் கற்பனை என்றேன். கற்பனை ஆள் குரல் செய்தி அனுப்புவதில்லை. இன்று காலை இது வந்தது:

"சார், ரேவதி பேசறேன். நான் மனுசர்னு போட்டுட்டேன். குரூப்புல சொல்லிக்கினு இருந்ததையும் சாம்சன் சார்கிட்ட ஒத்துக்கினேன். இத்தினி நாளா அந்த வண்டி தானா ஓடல சார், ஊரு ஓட்டிச்சின்னு சொல்லிட்டேன். ரெட்டியாரு கத்தறாரு, கத்தட்டும். நெல்லுக்கு வேற எடம் கேட்டு நாங்களே மனு குடுப்போம். ஆனா சாம்சன் சாரு நம்பல. படத்துல ஆளே இல்லியேன்றாரு, நான் குனிஞ்சி நின்னதுல கேமராவுக்கு அண்ணி மறஞ்சிட்டா. அண்ணி சொன்னா, அவங்க ஒன் வூட்டு ஆளுன்றாரு. வேலை போயிடும்னு கத கட்டறேன்றாரு. கத கட்டறது நான் இல்லியே சார், நீங்கதான? நீங்க கத எதுவும் சொல்ல வேணாம். பாத்தத சொல்லுங்க."

நான் அவளுக்கு மூன்று முடிவு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தன்னுடையதை முடித்துவிட்டிருக்கிறாள்.

அரை மணி நேரம் கழித்துச் சாம்சனிடமிருந்து ஒரு செய்தி. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். "சார், முன்சீட்டில் நீங்கள் இருந்தீர்கள். தார்ப்பாய்க்குக் கீழே யாரையாவது பார்த்தீர்களா? இன்று மாலை அறிக்கை போகிறது. நீங்கள் சொல்வதை அப்படியே சேர்த்துவிடுகிறேன். ஒரே வார்த்தை போதும்."

ஆயிரம் வார்த்தை கேட்டவருக்கு இரண்டாயிரம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டவருக்கு இன்னும் பதில் போடவில்லை. பார்த்தேன் என்றால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். ஒரு மணிக்குப் போகச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். ரோட்டில் நெல் நின்றுபோனால் அதற்கு நானும் காரணம் ஆவேன். இவையெல்லாம் காரணங்களா சாக்குகளா என்பதை வாசகர்கள்தான் —

அடித்துவிட்டேன்.

இந்த மாதிரிக் கதைகளில், கடைசியில் முடிவை வாசகர் கையில் திணித்துவிட்டு எழுதியவர் கையைக் கழுவிக்கொள்வார். முதல் பகுதியிலிருந்தே நானும் அதற்கு இடம் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். இப்போது அந்த வசதி போய்விட்டது. ஆனால் உங்களுக்கும் போய்விட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் பகுதியிலிருந்து நீங்கள் என்னோடு அந்த முன்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். தூறல் விழுகிறது. பஸ் தாண்டிப் போய்விட்டது. ரேவதி இறங்கிப்போய்த் தார்ப்பாயின் மூலையைத் தூக்குகிறாள். பின்சீட்டில் சாம்சன் இப்போதுதான் தலையை நிமிர்த்தி நம்மைக் கேட்கிறார்.

யாரையாவது பார்த்தீர்களா?